வரப்போரத்துக் கொத்து நடவு

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், தாமிரபரணிக் கரையில் எங்கள் பங்குக்கு இருந்த வயலை யார் பயிரிடுவது என்ற பேச்சு வந்தது. அவருடைய அண்ணன், எனக்கு அத்தான், ஊர் மெச்சும் விவசாயி. பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த எனக்கு ஜெபப் புத்தகம் தெரியும், ஏர் தெரியாது என்பது அவருடைய முடிவு.

"வார பிசானம் ஒண்ணு பாரு. போன வருசத்து நெல்லுக்குக் கொறைஞ்சா வயலை நான் பாத்துக்கிடுதேன். ஒனக்குச் சோத்துக்கு நெல்லு வந்துரும்" என்றார். ஐப்பசி மழைக்கு நட்டு மாசியில் அறுக்கிற போகத்தைத்தான் எங்கள் பக்கம் பிசானம் என்போம். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அளந்து போடுகிற நெல்லைக் கொத்தித் தின்ன நான் என்ன கோழியா?

ஈஸ்டர் பண்டிகைக்குக் கரிசல் பக்கம் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்கு வெளியே சர்க்கார் ஒரு பரிசோதனைப் பண்ணை வைத்திருந்தது. பருத்தியிலும் சோளத்திலும் எந்த ரகம் நன்றாக விளையும் என்று பயிரிட்டுப் பார்த்துச் சொல்லுகிற இடம். சர்க்காருக்குத் தீர்வை வாங்கத்தான் தெரியும் என்று நினைத்திருந்த எனக்கு, சர்க்கார் களை பிடுங்குவது வேடிக்கையாக இருந்தது. பார்க்கப் போனோம். பண்ணை அதிகாரி வெளியூர்க்காரர், கல்லூரியில் விவசாயம் படித்தவர். அவர் முதலில் எங்களுக்குக் காட்டியது செழித்த பாத்தியை அல்ல. முழங்கால் உயரம்கூட எழும்பாத பருத்தி நின்ற பாத்தியை.

"இந்த விதை இந்த மண்ணுக்கு ஆகாது. நாங்கள் போட்டுக் கெட்டோம். நீங்கள் கெட வேண்டாம்" என்றார்.

எங்கள் ஊரில் பயிர் கெட்டால், வந்தவர்களை வேறு பாதையில் அழைத்துப் போவார்கள். தோற்றதை முன்னால் வைத்துக் காட்டுகிற இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த நிமிஷமே அந்தப் பண்ணைமேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

புறப்படும்போது அவர், "ஆற்றங்கரையில் நெல்லை ஒற்றை நாற்றாக நட்டுப் பார்க்க ஒரு வயல் தேடுகிறோம். யாரும் தரமாட்டேன் என்கிறார்கள்" என்றார். நானும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். எங்கள் பக்கம் நாற்றைக் கைக்கு வந்தபடி கொத்துக் கொத்தாகத்தான் நடுவோம். ஒன்று செத்தாலும் ஒன்று பிழைக்கும் என்ற நினைப்பு.

ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து, என் நாற்றங்காலில் பாதி மண்மூடிப் போயிற்று. மிஞ்சிய நாற்று, கொத்து நடவானால் பாதி வயலுக்குத்தான் காணும். விலைக்கும் கிடைக்கவில்லை. ஆபத்துக்குப் பாவமில்லை என்று பண்ணைக்கு ஆளனுப்பினேன். அதிகாரி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி, சாணுக்கு ஒரு நாற்றாக நட்டுக் காட்டினார். நடவுப் பெண்களும் அப்படியே நடத் தொடங்கினார்கள். ஆனால் நடவு தொடங்கும்போது போடும் குலவையை, இழவு வீட்டில் பேசுகிற மாதிரி அடங்கிய குரலில் போட்டார்கள்.

அவர் புறப்பட்டதும் நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், பாதையோரமாக வயலின் நீளத்துக்கும் ஒரு பட்டை மட்டும் கொத்துக் கொத்தாக அடர்ந்து நின்றது. அந்தத் தாராளத்தில் நாற்றுத் தீர்ந்து, கடைசி மூலை வெறும் தண்ணீராகக் கிடந்தது. நடவுக்காரிகளுக்குத் தலைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"கோவப்படாதீய தாயி. போற வாறவுக 'புருசன் இல்லாத அறுதலி வயலு மொட்டையாக் கெடக்கு'ன்னு சொல்லுவாவ. ஒங்க மானத்துக்குத்தான் ஓரத்தை மட்டும் அடைச்சு நட்டோம்" என்றாள்.

என் வயலுக்குச் சேலை கட்டிவிட்டிருக்கிறார்கள்! சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை அதிகாரி வந்தபோது திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ அந்தப் பட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். "பிடுங்க வேண்டாம். பழையதும் புதியதும் ஒரே மண்ணில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. பண்ணையில் நாங்கள் செய்வதும் இதுதான். என் சொல்லை நம்பாதீர்கள் அம்மா, அறுத்து அளந்து பாருங்கள்" என்றார். எத்தனையோ உபதேசியார்களைக் கேட்டிருக்கிறேன். என் சொல்லை நம்பாதே என்று சொன்ன ஆள் அவர் ஒருவர்தான்.

மார்கழியில் ஒற்றை நாற்றுகள் தூர் கட்டித் திரண்டன. அந்த வெறும் மூலையைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே விளைந்திருக்கக்கூடிய நெல்லை மனசுக்குள் அளந்து கழித்துப் பார்த்தேன்.

மாசியில் அறுப்பு. அத்தான் மரக்காலைத் தாமே எடுத்துக்கொண்டார். ஓரப் பட்டையில் விளைந்ததைத் தனியாகவும், உள்ளே அதே அளவு இடத்தில் விளைந்ததைத் தனியாகவும் அளந்தார். உள்வயல் நெல்தான் கூட இருந்தது. பிறகு மொத்தத்தையும் அளந்தார். மூலை காலியாகக் கிடந்தும் போன வருஷத்து நெல்லைத் தாண்டிவிட்டது. நம்பாமல் மறுபடி அளந்தார். நெல் குறையவில்லை, அவர் பேச்சுத்தான் குறைந்துபோயிற்று.

"சரிம்மா. வயலு ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பிசானத்தில் நடவு முடிந்த சமயம், சந்தைக்குப் போகிற வழியில் அத்தான் வயலைக் கடந்தேன். பாதையோரம் பழையபடி கொத்துக் கொத்தாக அடைத்து நட்டிருந்தது. இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று நினைத்தபடி வரப்பில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஓரத்துக்கு அப்பால், வயல் முழுக்கச் சாணுக்கு ஒரு நாற்று.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மடையைத் திருத்திக்கொண்டு குனிந்திருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, பைய சிரி. போற வாறவுக காதுல விழுந்துரப் போவுது" என்றார்.