அம்மாவுக்குக் கிடைக்காத மண்டோர் வேலை

களைக்கொல்லியின் வாடை துணியில் ஏறிவிட்டால் எத்தனை தரம் துவைத்தாலும் போகாது. லிங்கி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா முதுகில் மருந்து நிரப்பிய 'பம்ப்பை' மாட்டிக்கொண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கடியில் மருந்தடித்துவிட்டு வருவாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், "கிட்ட வராத, குளிச்சிட்டு வர்றேன்" என்று தள்ளிவிடுவாள். முதுகு வலியால் குனிய முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எங்களுக்குச் சோறு போடுவாள்.

எனக்குப் பத்து வயதானபோது, மருந்தடிக்கும் பெண்களை மேற்பார்த்த 'மண்டோர்' வேலையை விட்டு நின்றார். மண்டோரானால் பம்ப்பைச் சுமக்க வேண்டியதில்லை. அந்த ஆசையை அம்மா வீட்டில் மட்டும் சொல்லியிருந்தாள். மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, காற்று திரும்பினால் எந்த வரிசையை விட்டு விலகுவது, யாருக்குத் தலைசுற்றுகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. ஆனால் எதையும் பக்கத்தில் போய் மெல்லத்தான் சொல்வாள். அவளோடு மருந்தடிக்கும் பார்வதியக்கா சிரித்தாலே அடுத்த லயத்து வீடுகள்வரை கேட்கும். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன்.

பள்ளி விடுமுறையாதலால், காலையில் பேர் கூப்பிடும் 'பெரட்டு'க்கு அன்று நானும் போயிருந்தேன். "யாரு மண்டோரா இருக்கீங்க?" என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்டார். பெண்கள் எல்லாரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "யாரப் போட்டாலும் சரிங்கய்யா" என்றாள். எங்கள் சனங்களுக்கு அது மரியாதை. இன்னொரு தரம் கேட்பார்கள், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவோம். துரை இன்னொரு தரம் கேட்கவில்லை. "நான் பாத்துக்கிறேங்கய்யா!" என்று பார்வதியக்கா கையைத் தூக்கினாள், அவ்வளவுதான் முடிந்தது.

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அம்மாமேல்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேவிட்டேன். அவள் பம்ப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகும் பதினோரு வருடம் சுமந்தாள்.

இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை; அங்கே வரிசையாக மாடிவீடுகள். நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் தேர்வு செய்கிறேன். போன மாதம், ஒரு வரிசை இயந்திரப் பெண்களை மேற்பார்க்கும் 'லைன் லீடர்' வேலைக்கு, அங்கேயே வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, எந்த இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள், ஆனால் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். மற்றவளுக்குக் கணீர்க் குரல். அம்மாவை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் கணீர்க் குரல்காரியைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவளின் தாளில் 'தன்னம்பிக்கை போதாது' என்று என் கையாலேயே எழுதினேன். அவளைப் போட்டிருந்தால் மேலிடத்தில் என்னையல்லவா கேட்பார்கள்!

மனசு கேட்காமல், லுக்குட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. நிமிர முடியாமல் கட்டிலில் சாய்ந்திருந்தவள், "வாயுள்ள புள்ளதான் அந்த வேலைக்குச் சரிலா. நல்ல ஆளாத்தான் பாத்து எடுத்திருக்க" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.