எழுத்து வராத இருபது நொடி

எங்கள் வீட்டில் ஒரு சைகை உண்டு. மணிக்கட்டை இரண்டு முறை வெளிப்பக்கமாக உதறினால் 'அப்புறம் சொல்றேன்' என்று அர்த்தம். காது கேட்காத அண்ணனுக்காக அம்மா உண்டாக்கிய சைகைகளில் அதிகம் புழங்கியது அதுதான். டிவி பார்த்து எல்லோரும் சிரிப்போம், அவர் என்னவென்று கேட்பார், யாராவது மணிக்கட்டை உதறுவார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. நான் மட்டும் அதைச் செய்யவே மாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பிழைப்பும் அதற்கேற்ற மாதிரிதான் அமைந்தது. ஆன்லைன் பாடங்களுக்குக் கேப்ஷன் போடும் கம்பெனியில் வேலை. வீடியோவில் பேசுவதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓட வேண்டும். மெஷின் முதலில் எதையோ உளறி வைக்கும், அதைத் திருத்துவது என் பாடு. இருமல், கதவுச் சத்தம்கூட விடுபடக் கூடாது. பேசுகிறவரை நல்லவராகக் காட்ட ஒரு சொல்லைக்கூட விழுங்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைக் கறாராகச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அம்மாவின் அடக்கப் பூசை கண்டோன்மென்ட் பக்கம் உள்ள எங்கள் மாதா கோயிலில் நடந்தது. துபாயில் இருக்கும் சித்தி பார்ப்பதற்காக யூடியூபில் நேரலையாக விட்டோம். ஒரு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. அவர் நீலசந்திராவில், அம்மாவோடு இருந்த அதே வாடகை வீட்டில், இப்போது தனியாக இருந்தார். கார்மெண்ட்ஸில் துணி இஸ்திரி போடும் வேலை.

'ஃபாதர் அம்மாவைப் பத்தி என்ன பேசினார்? கேட்டேன். எல்லாரும் அப்புறம் சொல்றேன்னாங்க. நீ யார் யாருக்கோ எழுதற. எனக்கும் எழுது.'

வெட்கமாக இருந்தது. பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், வீட்டு வீடியோ ஒன்றுக்குக்கூட அவருக்காக எழுதியதில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். மகன் ஃபாதரின் உதட்டைப் பார்க்க வேண்டும் என்று அம்மா முதல் பெஞ்சுக்காகச் சண்டை போட்டதை ஃபாதர் சொல்லியிருந்தார். அழுதுகொண்டே எழுதினேன். பூசை முடிந்த பிறகும் கேமராக்காரர் கேமராவை நிறுத்தவில்லை. கோயில் வாசலில் நானும் மாமாவும் நிற்கிறோம். மைக் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

"ஏம்மா, உங்கண்ணன இனிமே உன் வூட்டுக்குக் கூட்டிம்போயிடுவ இல்ல?"

"வேணாம் மாமா. அவரு போடுற சத்தம் உங்களுக்கே தெரியும். எங்க வூட்டுக்கு நாலு பேரு வந்து போறாங்க. எனக்கு மானக்கேடா இருக்கும்."

குரல் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலில் தயக்கமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. ஒரு எழுத்து விடாமல் டைப் செய்தேன், படித்தேன், அழித்தேன். மாமாவின் கேள்வியையும் அழித்தேன். வீடியோவை வெட்டவும் வழியில்லை, அதன் லிங்க் ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். ஃபாதரின் பேச்சை மூன்று முறை ஓட்டிப் படித்தார். அம்மாவின் சவப்பெட்டியை மூடும் இடத்தில் 'அண்ணன் உரக்க அழுகிறார்' என்று எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தி, தொண்டையில் கை வைத்து, அவ்வளவு சத்தமா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சத்தமாகத்தான் அழுதார். கோயிலே திரும்பிப் பார்த்தது.

வாசல் காட்சி வந்தது. 'கல்லறைக்கு வண்டி வந்துடுச்சா?' என்று மாமா அதற்கு முன்னால் யாரிடமோ கேட்டது அடியில் ஓடியது. அப்புறம் இருபது நொடி ஒன்றுமில்லை. அண்ணன் வீடியோவை நிறுத்தினார், பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்தைத்தான் அழித்திருந்தேன், என் முகம் திரையில் அப்படியே இருந்தது. பிறந்ததிலிருந்து வாயசைவைப் பார்த்தே பிழைத்த மனிதருக்கு முன்னால் என் உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த வீடியோவை அதற்குள் எத்தனை முறை பார்த்திருந்தாரோ, தெரியவில்லை.

திரையில் என் வாய்மேல் விரலை வைத்தார். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துப் பிரித்து, 'பேசற' என்று காட்டினார். பிறகு அடியில் காலியாக இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் கையைத் தூக்கினேன். என் மணிக்கட்டு இரண்டு முறை வெளிப்பக்கமாக உதறியது.

அண்ணன் தலையாட்டினார். இத்தனை வருடமாக மற்ற எல்லோருக்கும் ஆட்டிய அதே மாதிரி.