பத்ரிநாத்துக்குக் கொண்டுபோன பாட்டில்

பனி பார்க்கத்தான் நான் பத்ரிநாத் போனேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. முப்பது வருடமாகக் காசிமேட்டில் போட் இஞ்சின்களைப் பழுது பார்க்கிறேன். நான் பார்த்த பனியெல்லாம் மீன்மேல் கொட்டுகிற ஐஸ்தான். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு யாத்திரைக் கோஷ்டி கிளம்புகிறது, சமையல்காரரும் கூடவே வருகிறார் என்று மனைவி சொன்னதும் தலையாட்டிவிட்டேன். அவளுக்குப் பெருமாள், எனக்குப் பனி என்று நினைத்துக்கொண்டேன். அவள் நினைப்பு வேறாக இருந்தது.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். 'இருந்தான்' என்று எழுதுவதற்கே எங்களுக்கு அந்தப் பயணம் தேவைப்பட்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனான். மதியத்துக்கு மேல் காற்று மாறியது. மற்ற போட்கள் திரும்பின, அவனுடையது திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, போட்டும் கிடைக்கவில்லை. கூடப் போன இரண்டு பேர் வீட்டிலும் அதே வருடம் காரியம் செய்துவிட்டார்கள். என் மனைவி செய்யவிடவில்லை. எங்கேயாவது கரை ஒதுங்கியிருப்பான், வருவான் என்றாள். அவன் படம் எங்கள் வீட்டுச் சுவரில் பொட்டு இல்லாமல், மாலை இல்லாமல் தொங்கியது. அமாவாசை அன்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படைப்பாள். அவனுக்கு மட்டும் படைக்கமாட்டாள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தேன். அவன் போவதற்கு மூன்று நாள் முன்னால் அந்த இஞ்சினைப் பிரித்து மாட்டியவன் நான். சரியாகத்தான் மாட்டினேன். ஆனாலும் இஞ்சின் நிற்காமல் ஓடியிருந்தால் கரை சேர்ந்திருப்பானே என்று காற்று மாறும்போதெல்லாம் கரையில் போய் நின்று கடலைத் தேடிப் பார்ப்பேன். அவள் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தடவை கத்தித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரயிலில் டெல்லி, அங்கிருந்து பஸ்ஸில் ரிஷிகேஷ். அங்கே எங்கள் வழிகாட்டி எல்லாரையும் உட்காரவைத்து விளக்கம் சொன்னார். பத்ரிநாத் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஆற்றங்கரையில் பிரம்ம கபாலம் என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஒருதரம் பிண்டம் வைத்துவிட்டால் போனவருக்கு அதற்கப்புறம் திதியே கொடுக்க வேண்டியதில்லை என்றார். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மஃப்ளரை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலைப்பாதை. எத்தனையோ தடவை டிரையல் பார்க்கக் கடலுக்குள் போயிருக்கிறேன், ஒருநாளும் குமட்டியதில்லை. இங்கே பத்தாவது வளைவிலேயே குடலைப் புரட்டியது. கியர் மாற்றத் தெரியாதவன் என்று டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மனைவியின் பையைத் துழாவினேன். துண்டில் சுற்றிய ஒரு தண்ணீர் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. எடுத்து ஒரே மடக்காக வாயில் ஊற்றினேன்.

உப்பு. அதுவும் லேசாக டீசல் வாடை அடிக்கிற உப்பு. வேலை பார்க்கும்போது தினமும் முகத்தில் தெறிக்கிற தண்ணீர், எனக்கா தெரியாது? காசிமேடு. துப்பலாம் என்றால் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். விழுங்கிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். பாட்டிலை வாங்கி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடியை இறுக்கினாள்.

"எல்லாம் சாம்பல் எட்த்துகினு வராங்க," என்றாள். "என்னாண்ட இதான் கீது."

கிளம்பிய அன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாளே, அப்போது அவன் போட் கட்டியிருந்த இடத்துக்குப் போய் மொண்டிருக்கிறாள். ஒன்பது வருடம் கழித்து அவனை அனுப்பிவைக்க முடிவு பண்ணிவிட்டாள், என்னிடம் சொல்லத்தான் முடியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாந்தி வருகிறவன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்ரிநாத்தில் கோயிலைச் சுற்றி எல்லா உச்சியிலும் பனி. பார்த்தேன், அவ்வளவுதான். வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஆற்றங்கரைக்கு வந்தோம். ஆம்பிளைதான் உட்கார வேண்டும் என்றார் அங்கிருந்த பண்டிதர். உட்கார்ந்தேன். குளிரில் விரல் மரத்துப்போய் சோறு உருண்டைக்கு வரவில்லை. பண்டிதர் இந்தியில் ஏதோ கேட்டார். இறந்தவர் பெயர் சொல்லச் சொல்கிறார் என்றார் வழிகாட்டி.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டிய பெயர். பண்டிதர் இரண்டாம் தடவை கேட்டார். ஆறு பக்கத்திலேயே இரைந்துகொண்டு ஓடியது. இவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து, ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி தம்பி பெயரைச் சொன்னாள்.

பிண்டத்தை வைத்தேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அந்த இஞ்சின நான்தான் மாட்னேன்," என்றேன்.

"தெரியும்," என்றாள். "அத்த கேக்கணும்னா அப்பவே கேட்டிருப்பேன்."

பாட்டிலைத் திறந்து ஆற்றில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினாள். அதில் ஒரு வாய் குறைந்துபோனது எனக்கு உறுத்தியது. குடித்திருக்கக் கூடாது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ குட்ச்சது உன்னாண்டயே இருக்கட்டும்," என்றாள். "நீயும்தான அவன தேடிகினு இருந்த."

ஊருக்கு வந்ததும் கல்மண்டபம் மார்க்கெட்டில் மாலை வாங்கினோம். சுவரில் படம் உயரத்தில் இருந்தது. அவளுக்கு எட்டவில்லை, நான்தான் போட்டேன்.