கதவை அடைத்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மாலை ஆறு மணிவரை அனுமதி. அதன்பிறகு பெரிய இரும்புக் கதவை இழுத்து மூடிப் பூட்ட வேண்டும். கும்பிட்டாலும் சரி, குட்டிக்கரணம் போட்டாலும் சரி, அத்தான் மூடினால் மூடியதுதான். பின்னால் வந்தவர்களிடம், யாராக இருந்தாலும் எனக்குத் தெரியாது, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்குச் சர்ச்சில் பிடித்த கதை எதுவாக இருக்கும்? பத்துக் கன்னிகைகள் கதைதான். மாப்பிள்ளையை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருக்கும் பத்துப் பேரில் ஐந்து பெண்களுக்கு எண்ணெய் தீர்ந்து, மற்றவர்களும் தர மறுக்க, அவர் வருகிற நேரத்தில் எண்ணெய் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். திரும்பி வந்தால் கல்யாண வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினால், நீங்கள் யாரென்றே தெரியாது என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அந்த எண்ணெய்தான் விசுவாசம், அதை இரவல் வாங்க முடியாது, கடைசி நாளில் நம் கதியும் இதுதான் என்று போதகர் முடிப்பார். எல்லாரும் பயந்துபோய்க் குனிந்திருக்கும்போது அத்தான் மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பார். மேலேயும் தொழில் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார் என்கிற திருப்தி.

எனக்கு அந்தக் கதை ஆகவே ஆகாது. நான் லாரி ஓட்டுகிறவன். நேரத்துக்குப் போய்ச் சேராதவர்கள் கட்சி. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் அத்தான், எண்ணெய் வாங்கிட்டுத்தானே வந்தாங்க? கையில விளக்கு வேற எரியுது. முகத்தைப் பார்த்தா யாருன்னு தெரிஞ்சிருக்காதா?"

"முகத்தைப் பார்த்தா கதவை மூட முடியாது மச்சான்" என்றார். "நான் யாரு முகத்தையும் பார்க்கறதில்ல. கடிகாரத்தைப் பார்ப்பேன், பூட்டைப் பார்ப்பேன், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல பார்த்தேன். வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல."

அதைச் சொன்னபோது அவர் குரலில் வீறாப்பு இல்லை, அலுப்புதான் இருந்தது. நின்று நின்று காலில் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தால் ஷூவைக் கழற்றக்கூட அவரால் குனிய முடியாது. அக்காதான் கழற்றிவிட்டு, வெந்நீரில் கால்களை எடுத்து வைப்பாள்.

அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோதும், "நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு மட்டும் முகத்தை நன்றாகப் பார்த்துத்தான் சொன்னார். அதன்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தான் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அக்கா மகளோடு போனில் பேசுவாள். அத்தானும் ரொம்ப நேரம் குளிப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன வருஷம் அக்காவுக்கு இதயத்தில் கோளாறு வந்து, அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். மறுநாள் காலையில் ஆபரேஷன். பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதுதான் அக்காவின் ஒரே ஆசை.

"அத்தான்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்டா. சொன்னா முறைச்சுக்கிட்டு நிப்பார். அவர்தான் யாரு முகத்தையும் பார்க்கமாட்டாரே, கூட்டத்தோட கூட்டமா வந்துடச் சொல்லியிருக்கேன்."

பேஷான யோசனை என்று நானும் சொன்னேன். சிரித்தேன்கூட. பஸ் நடுவழியில் நின்றுபோகும் என்று யார் கண்டது?

ஆறு மணி தாண்டியதும் அக்காவின் போன் அடித்தது. மகள்தான். கீழே கதவுக்கு வெளியே நின்று அழுதாள். துணைக்குப் பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது.

"அப்பா இன்னமும் என்னைத் தெரியாதுன்னுதான்மா சொல்றார்."

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் படிகளை எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை. அத்தான் பூட்டைச் சரிபார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெளியே பத்துப் பதினைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா அத்தான்? அவளைப் போயி திருப்பி அனுப்புறீங்களே!"

"எவளை?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

கையை நீட்டிக் காட்டினேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு ஓரமாக நின்றிருந்தாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பார்க்கலம்மா" என்றார். "சத்தியமா முகத்தைப் பார்க்கல. இத்தனை சத்தத்துல குரலும் பிடிபடல. பார்த்திருந்தா உன்கிட்ட சொல்லியிருப்பேனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு என்னைப் பார்த்துதான் சொன்னீங்க. அதுல கோபமாவது இருந்துச்சு. இன்னைக்குப் பார்க்காமலே சொன்னீங்கப்பா. அதைத்தான் தாங்க முடியல."

அத்தான் சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான்தான் வாங்கித் திறந்தேன். அவள் உள்ளே வர ஒரு ஆள் அளவுக்குக் கதவை விலக்கினேன்.

அவள் வரவில்லை. பக்கத்தில் தூக்குப் பாத்திரத்தோடு நின்ற வேறொரு அம்மாவைக் காட்டினாள். "இவங்க மகன் உள்ளே இருக்கான். பஸ்ல என்கூடத்தான் வந்தாங்க. நான் மட்டும் எப்படிப்பா வர்றது?"

அத்தான் அந்த அம்மாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவரைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாரையும் பார்த்தார். அத்தனை வருஷமும் பார்க்காமல் விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் பார்ப்பதுபோல இருந்தது. அவர் முகம் அப்படிக் களைத்து நான் கண்டதில்லை. பிறகு இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளினார். பாதிக்கு மேல் முடியவில்லை, மீதியை நான் தள்ளினேன்.

மற்றவர்கள் உள்ளே போனபிறகு அத்தான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். "செத்து மேலே போயும் இந்த மாதிரி வாசல்ல யாராவது என்னை முகம் பார்க்காம திருப்பி அனுப்பினா, நான் என்ன மச்சான் சொல்வேன்?" என்றார்.

மகள் படியேறாமல் காத்துக்கொண்டிருந்தாள். "நீங்க வரலையாப்பா?"

"கதவுக்கு ஆள் வேணுமேம்மா."

"திறந்து கிடக்குற கதவுக்கு எதுக்குப்பா ஆளு?"