மணி நின்ற பிறகு

என் வீட்டுக்காரருக்கு நாடாளுமன்றத்தில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். கதவு சாத்துகிற வேலை என்பேன். பழையபடி சாய்ந்துகொள்வார்கள்.

உண்மையிலேயே அதுதான் வேலை. சபையில் ஓட்டெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். உணவகத்தில், நூலகத்தில், கழிவறையில்கூட அடிக்கும். உறுப்பினர்கள் எங்கே இருந்தாலும் ஓடிவர வேண்டும். மணி நின்றதும் இவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். அதன் பிறகு வெளியே நிற்பவர் யாராக இருந்தாலும் வெளியேதான். ஓட்டு எண்ணி முடியும்வரை திறக்கக் கூடாது. ஒருமுறை மந்திரி ஒருவரின் மூக்குக்கு நேரே சாத்தியிருக்கிறார். மந்திரி காட்டுக்கத்தல் கத்தியும் இவர் காது கேளாதவர் போல நின்றாராம். வீட்டிலும் அதே கதைதான். எங்காவது போகும்போது நான் தாமதித்தால், "உனக்கும் மணி அடிச்சாத்தான் கிளம்புவியா?" என்பார். "அடிச்சுப் பாருங்களேன்" என்பேன்.

நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில், பின்பக்க வீடு. முன்னறையில் என் தையல் மெஷின். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். சீருடை தைப்பதும், பிள்ளைகள் வளர வளர மடிப்பைப் பிரித்து நீளம் விடுவதும்தான் என் பிழைப்பு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே வீடு. என் மகள் நடை பழகியது அந்த மாடிப்படியில்தான்.

பழைய சொந்தக்காரர் போய்ச் சேர்ந்ததும் அவர் பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனி முதல் வேலையாக எல்லாரையும் காலி பண்ணச் சொன்னது. என்ன காரணம் என்று கேட்டோம். காரணம் சொல்ல வேண்டியதில்லையாம், சட்டமே அப்படித்தானாம். சுவருக்குப் பெயின்ட் அடித்து, குளியலறையில் புது டைல்ஸ் ஒட்டி, வாடகையை இரட்டிப்பாக்குவது அவர்கள் திட்டம். நாங்கள் சுவரில் இருந்த அழுக்கு மாதிரி அவர்களுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் குடியிருப்போர் மசோதா சபைக்கு வந்தது. தக்க காரணம் இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது என்றது அது. நிறைவேறினால் நாங்கள் அங்கேயே இருக்கலாம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கட்டடத்தில் சிரிச்சமூஞ்சி என்று பெயர். துக்க வீட்டில்கூட அந்தச் சிரிப்பு கலையாது. ஓட்டெடுப்புக்கு முன் ஒருநாள் வீடு வீடாக வந்தார். என் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "என் ஓட்டு உங்களுக்குத்தாங்க்கா. உங்கள தெருவுல விட்டுட்டு எனக்கு வீட்டுல தூக்கம் வருமா?"

வேலையில் இருப்பவர்கள் உறுப்பினர்களிடம் அரசியல் பேசக் கூடாது என்பது சபை விதி. அதனால் என் வீட்டுக்காரர் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நம்பினார். நானும்தான் நம்பித் தொலைத்தேன்.

ஓட்டெடுப்பு நாள் சாயங்காலம் வந்தவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். இரண்டு பக்கமும் இழுபறி என்று காலையிலிருந்தே பேச்சாம். மணி அடித்திருக்கிறது, நின்றிருக்கிறது. இவர் கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுக்கும்போது நடைகூடத்தில் சிரிச்சமூஞ்சி கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது தெரிந்திருக்கிறது. யாருக்காகவும் நிற்காத மனுஷன், இந்த ஒரு ஓட்டு போய்விட்டால் என் மெஷின் தெருவுக்கு வந்துவிடுமே என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சிரிச்சமூஞ்சி உள்ளே நுழைந்தார். அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் நுழைந்தார்கள். அப்புறம்தான் தாழ்ப்பாள்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது அந்த மூவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் எழுந்தார்கள். மசோதா இரண்டு ஓட்டில் தோற்றது.

"நீங்க சாத்தியிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒரு ஓட்டுல ஜெயிச்சிருக்கும்" என்றார். "வெளிய வரும்போது தோள்ல தட்டிக் குடுத்தான். நல்லவேளை கதவப் புடிச்சீங்க அண்ணேன்னான்."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "அவன் தொட்ட சட்டைய மொதல்ல கழட்டுங்க" என்றேன். அவர் கழற்றினார். ஊறவைத்த சட்டையை நான் துவைத்த துவையில் தையலே விட்டுப்போயிற்று.

மறுநாள் சிரிச்சமூஞ்சியின் அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று என் முறை வந்ததும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். நாக்கும் அப்படியே இருந்தது, சிரிப்பும் அப்படியே இருந்தது.

"அக்கா, இந்தச் சட்டம் வந்திருந்தா இனிமே யாருமே வீடு கட்ட மாட்டாங்க. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, கடைசில உங்களுக்குத்தான் நல்லது."

"பொறுத்துப் பாக்கறேன். எங்க உக்காந்து பாக்கறதுன்னு சொல்லுங்க. உங்க வாசல்லயா?"

உதவியாளர் வந்து, "அடுத்தவங்க நிக்கறாங்கம்மா" என்று என்னை வெளியே நகர்த்தினார். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில் பாதி வீடுகள் சிரிச்சமூஞ்சியுடையவை, எல்லாம் வாடகைக்கு விட்டவை என்று அப்புறம்தான் தெரிந்தது. கட்டையில போறவன், அன்றைக்கு என் வீட்டு டீயை இரண்டாவது தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

காலி பண்ணின நாளில் கீழ்வீட்டுக் குழாய்க்காரர் மெஷினை இறக்க ஒரு கை பிடித்தார். "சபைல நம்ம ஆளு நீங்க ஒருத்தர் இருந்தும் ஒண்ணும் நடக்கலியேண்ணே" என்றார், வருத்தமாகத்தான். என் வீட்டுக்காரர் குனிந்து மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கினார். அவர் கதவைப் பிடித்த கதையை நானும் சொல்லவில்லை. என் புருஷனை நான் என்ன வேண்டுமானாலும் திட்டுவேன், ஊர் திட்ட விடமாட்டேன்.

இப்போது இருப்பது பஸ் திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்தில். இங்கே என்னிடம் துணி கொடுக்க யாருக்கும் என்னைத் தெரியாது. மெஷின்மேல் உறை போட்டு வைத்திருக்கிறேன். அவர் விடியுமுன் கிளம்பிப் போகிறார்.

போன வாரம் சபையில் இன்னொரு ஓட்டெடுப்பு. உறுப்பினர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வீட்டு வாடகைப்படியை உயர்த்துகிற தீர்மானம். அவர் வந்ததும் வராததுமாக வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"இன்னைக்கு யாரு லேட்டா ஓடியாந்தா?"

"யாரும் இல்ல. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் உள்ள வந்து உக்காந்துட்டாங்க."

"எதுத்து எத்தன பேரு?"

அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எதுத்து எந்திரிக்க ஆளே இல்ல. நான் தாழ்ப்பாளப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."