பழப்புளி போட்ட பீர்க் குவளை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், அம்மா, மாமா, ஆற்றுக்கு அக்கரை லொங்குய் ஊரிலிருந்து குவளை வாங்க வந்த கிழவர். தொட்டிலில் கிடந்த தம்பியோடு ஐந்து பேர். ஒருவரை விட்டுவிட்டால் எனக்கு நித்திரை வராது.

மாமா, அம்மாவின் தம்பி. கனடா வருமுன் ஜெர்மனியில் கோப்பை கழுவியவர். பீரை வாயில் வைக்காத அந்த மனிதர், மூடி போட்ட பழைய பீர்க் குவளைகள் பதினொன்றை அங்கிருந்து சுமந்து வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் எங்கள் சாமிப் படங்களுக்குக் கீழே அடுக்கியிருந்தார். ஊரிலிருந்த மாமியைக் கனடாவுக்குக் கூப்பிடக் கட்டவேண்டிய காசில் நானூறு டொலர் குறைந்தது. குவளைகளில் ஆகப் பழையதை அந்த விலைக்கே, என்னைக் கொண்டு கிழவரோடு பேசி முடித்திருந்தார்.

அதன் வெள்ளீய மூடி கறுத்துக் கிடந்தது. எனக்கு ஒன்பது வயது. இப்படியா ஒரு சாமானை விற்பது? அம்மா வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு மினுக்குவது போலவே பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மூடியில் என் முகம் தெரிந்தது. இன்னும் நூறு டொலர் கூடக் கேட்கலாம் என்று தீர்மானித்தேன்.

கிழவர் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எங்கள் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“மாமா, ஆர் இதை மினுக்கினது எண்டு கேக்கிறார்.”

மாமா என் விரல்களைப் பார்த்தார். நகத்துக்குள் புளி இருந்தது. குசினி வாசலில் அம்மா அகப்பையோடு நின்றார்.

“நான்தான் எண்டு சொல்லு, பிள்ளை.”

“நீங்களோ?”

“ஓம். சொல்லு.”

அப்படியே சொன்னேன். கிழவர் நூற்றைம்பது டொலரை மேசையில் வைத்தார்.

“பழசுக்கு அடையாளமே அந்தக் கறுப்புத்தானாம், அது போயிட்டுதாம். இனி இவ்வளவுதானாம்,” என்றேன்.

“கறுப்புக்கோ காசு? விசரன்,” என்ற அம்மா மாமாவிடம் திரும்பினார். “உனக்கேனடா இந்த வேலை? இனி அவள் எப்ப வந்து சேருறது?”

“கை சும்மா இருக்கேல்லை, அக்கா.”

நான் பாடுபட்டுத் தேய்த்ததற்கு மாமா பெயர் எடுத்துக்கொண்டார் என்று மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அவரே மிட்டாய் வாங்கி வந்து சமாதானம் பேசினார். மன்னித்துவிட்டேன்.

மாமி வந்து சேர மேலும் ஒரு வருடம் எடுத்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான் நான். என்றாலும் கழித்தல் கணக்குப் பிழைக்காது. மாமாவுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது இருநூற்றைம்பது டொலர்.