சிவப்புப் புள்ளியை அழிக்கச் சொன்னவர்

புனேயில் சதாசிவப் பேட்டைக்காரர்களின் நாக்கைப் பற்றி ஊருக்கே தெரியும். அசாவரி கானித்கர் அந்தப் பேட்டையில் பிறந்தவள். அவள் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கும்: “மணியை ஒருமுறை அடித்தால் போதும். உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்கும்.”

அவளுக்கு வேலை ஒரு வானிலை ஆய்வு நிறுவனத்தில். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை சஹ்யாத்ரி மலையில் பேய்மழை எப்படிக் கொட்டும், வருங்காலத்தில் எவ்வளவு கூடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது. உலகம் முழுவதையும் ஒரேயடியாகக் கணக்கிடும் கணினி மாதிரிகளை அவள் மதிப்பதில்லை. “அதுல நம்ம மலை சப்பாத்தி மாதிரி தட்டையா கிடக்கும். மேகம் எதுல முட்டி மழை பெய்யும்? அவங்க தலையிலயா?” என்பாள். அதனால் மேற்குக் கரையை மட்டும் வெட்டியெடுத்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தெரிகிற மாதிரி ஓட்டினாள்.

மலைச்சாலைகளில் எவ்வளவு பெரிய பாலம் கட்ட வேண்டும் என்று சாலைத்துறை கேட்டிருந்த அறிக்கைக்காகத்தான் அந்த வேலை. வரைபடத்தில் ஆம்பேகர்வாடி பள்ளத்தாக்கின் மேல் ரத்தச் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. ஒரே நாளில், யாரும் நம்ப முடியாத அளவு மழை.

கணினி சில சமயம் இப்படிப் பொய் மழை பெய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? தொடக்க நிலையை மாற்றி ஓட்டினாள். மேகக் கணக்கை மாற்றி ஓட்டினாள். புள்ளி பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்ததே தவிர, மறையவில்லை.

பிரிவுத் தலைவர் டாக்டர் வித்யாதர் தாம்லே படத்தைப் பார்த்தார். மாநாடுகளுக்குப் போவதும், போன இடத்தில் மாலை வாங்கிக்கொள்வதும்தான் அவருடைய ஆராய்ச்சி. கணினியில் ஒரு மாதிரியை அவர் கடைசியாக ஓட்டிய காலத்தில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்ததாம்.

“என்ன மேடம் இது, குங்குமம் கொட்டின மாதிரி? மந்திரி பாத்தா பயந்துருவாரு.”

“பயப்படட்டும் சார். அதுக்குத்தானே காட்டுறோம்?”

“சுத்தியிருக்கிற கட்டத்தோட சேத்து சராசரி போடுங்க. அழகா வந்துரும்.”

“தாராளமா போடுங்க சார். ஆனா மழை சராசரியாப் பெய்யாது. அந்த அறிக்கையில என் பேரு வேண்டாம்.”

பெயரும் போயிற்று, புள்ளியும் போயிற்று. இளநீல நிறத்தில், பளபளக்கும் தாளில் அறிக்கை வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் தின்னக் கொடுத்த பாகர்வடி மட்டும் நன்றாக இருந்தது.

அதைப் பார்த்து மலையில் பாலங்கள் எழுந்தன. இரண்டு வருடம் கழித்து ஒரு ஜூலையில் மழை கொட்டியது. ஆம்பேகர்வாடியில் இல்லை, அதற்குத் தெற்கே இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி. அங்கே புதிதாகக் கட்டிய பாலம் போயிற்று. மூன்று வீடுகள் மண்ணுக்குள் போயின. தொலைக்காட்சியில் அந்தச் சேற்றைப் பார்த்த அசாவரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. “நீ அன்னைக்கே சொன்னியே” என்று கணவன் ஹேமந்த் தேற்ற வந்தான். “சொல்லி என்னத்தக் கிழிச்சேன்? வாய மூடு” என்று எழுந்து போனாள்.

தாம்லேக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. பத்திரிகையாளர்களைக் கூட்டினார். பின்னால் திரையில், எங்கிருந்து தோண்டினாரோ, அந்தச் சிவப்புப் புள்ளிப் படம்!

“எங்க நிறுவனம் இத முன்கூட்டியே கணிச்சிருச்சு” என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்த அசாவரி ஒலிவாங்கியை இழுத்தாள்.

“சார், இந்தப் படம் நம்ம அறிக்கையில எந்தப் பக்கத்துல இருக்கு?”

தாம்லே தண்ணீர் குடித்தார்.

“இருக்காது. அழிக்கச் சொன்னது நீங்கதான். இன்னொண்ணு, இது கணிப்பும் இல்ல. எந்த நாள், எந்த ஊருன்னு சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்? இந்த மலையில எங்க வேணாலும் இப்படிப் பெய்யலாம்னுதான் படம் சொல்லிச்சு. அதக் கேட்டுப் பாலம் கட்டிருக்கணும்.”

மறுவாரமே அவளைக் கணினிப் பிரிவிலிருந்து தூக்கி, இந்தி வளர்க்கும் அலுவல் மொழிக் குழுவில் போட்டார்கள். கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசாக எவர்சில்வர் டப்பா கொடுக்கும் மகத்தான பணி. தாம்லேக்குப் பதவி உயர்வு வந்தது, வராவிட்டால்தான் அதிசயம்.

ஒரு மத்தியானம் கைங்காடே என்ற சாலைத்துறைப் பொறியாளர் போன் செய்தார். “மேடம், அந்தச் செவப்புப் படத்தோட கணக்கு முழுசா கெடைக்குமா?”

“எதுக்கு? சுவத்துல மாட்டவா?”

“இல்ல மேடம். வெள்ளத்துல போன பாலம் நான் கட்டினது. உங்க ஆபீஸு அறிக்கையப் பாத்துதான் கட்டினேன்.”

அதற்குமேல் அசாவரியின் நாக்கு ஏனோ நீளவில்லை. கணக்கைக் கொடுத்ததோடு, எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு வாரம் தினமும் போனில் விளக்கினாள். அந்த மலையில் இரண்டு ஓடைகளுக்கு, சாலைக்கடியில் பதிக்கும் குழாய்க்குப் பதில் அகலமான பாலம் வந்தது. மற்ற ஓடைகளுக்கு நிதி இல்லையாம். தாம்லேயின் புதிய அறைக்குத் தேக்குக் கதவு போட மட்டும் இருந்தது.

அசாவரி இப்போதும் டப்பா கொடுக்கிறாள். மாலையில் பல்கலைக்கழக நண்பர் ஒருவரின் கணினியில் இடம் வாங்கி, தெற்குப் பள்ளத்தாக்குகளின் மழைக் கணக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.